தூக்கித் தள்ளினால் திறக்கும்

“அண்ணி, நீங்க கொஞ்சம் பின்னாடி போயி இருங்க. வீடு பாக்கறவங்களுக்காக வீடியோ எடுக்கப் போறோம்.”

கொழுந்தன் கமலக்கண்ணன் இதைச் சொன்னதில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ‘நீங்க’ இருந்தது, ‘இருங்க’ இருந்தது, இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. ஒரு பெண்ணை அவள் வீட்டிலேயே ஒளிந்துகொள்ளச் சொல்வதற்கு இவ்வளவு பணிவு தேவைப்படுகிறது.

கலைமகள் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தாள். தறியில் அரக்கு நிற முகூர்த்தப் புடவை. யாரோ ஒரு மணப்பெண்ணுக்காகக் கடைக்காரர் கொடுத்த பாவு நூல். அவள் குறுக்கிழை ஓட்டும் நாடாவை நிறுத்தவில்லை.

“ஏன் தம்பி, நான் வந்தா வீடியோவுல வீடு இருட்டா தெரியுமா?”

“அப்டி இல்ல அண்ணி. உங்களுக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியும். கணவன் ஜெயவேல் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஆரணியில் நடந்த எந்த நல்ல காரியத்திலும் அவள் முன்வரிசையில் நின்றதில்லை. இந்த வீட்டின் பத்திரம் அவள் பெயரில், வரி ரசீது அவள் பெயரில், கரண்டு பில் அவள் பெயரில். வாசற்படி மட்டும், யாராவது நல்ல நேரம் பார்த்து வருகிறார்கள் என்றால், அவள் பெயரில் இருப்பதில்லை.

வீட்டை விற்க முடிவு செய்ததும் அவள்தான். பிள்ளை இல்லை. சந்தவாசல் போகிற சாலையில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள். சின்ன வீடுதான், ஆனால் முன்கூடம் நீளம். இரண்டு தறி போடலாம். ஒன்றில் தான் நெய்து, இன்னொன்றில் ஆள் வைத்து நெய்தால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வீட்டுக்காரர் ஆவணி முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இந்த வீடு விலை போகவில்லை என்றால் அது வேறு ஆளுக்கு.

கமலக்கண்ணனிடம் வேறு யோசனை இருந்தது. “விக்கலன்னா இன்னா அண்ணி, எங்க வீட்டுக்கு வந்துடுங்க. மாடியில ஒரு ரூமு சும்மாதான் கீது.” அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். உடைந்த கிரைண்டர், பழைய பாய், போன தேர்தலில் யாரோ கொடுத்த துண்டுகள். அவற்றோடு தானும் ஒரு மூலையில் உட்கார்ந்து, விசேஷத்துக்கெல்லாம் வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, விசேஷம் தொடங்கும் நேரத்தில் மாடிக்கு ஏறிவிட வேண்டும். நல்லவன்தான் கமலக்கண்ணன். அவன் செய்ய நினைத்ததும் நல்லதுதான். அதை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் விளம்பரத்தில் எதைப் போடுவது என்று பேச, வீட்டு புரோக்கர் பாலு வந்தபோது அவள் ஆர்வமாக உட்கார்ந்தாள். பாலு பழைய வண்டி விற்பான், வீடு விற்பான், கல்யாண வீடியோவும் எடுப்பான். போனைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒண்ணொண்ணா சொல்லுங்க, டைப் அடிச்சிக்கிறேன். தண்ணி எப்டி?” என்றான்.

“போரு தண்ணி. உப்பு. தொவைக்கலாம், குளிக்கலாம், குடிக்க ஆவாது,” என்றாள் கலைமகள்.

“‘வற்றாத போர்வெல்’னு போடு,” என்றான் கமலக்கண்ணன்.

“மேல ஒழுகல் ஏதாச்சும்?”

“பின்ரூமு ஐப்பசியில ஒழுகும்.”

“‘நல்ல காற்றோட்டம்’னு போடு.”

“அக்கம்பக்கம்?”

“செவுத்துக்கு அந்தாண்ட பவர்லூம் ஷெட்டு. விடிஞ்சா கடகடன்னு ஆரம்பிச்சிடுவான்.”

“‘தொழில் வளம் மிக்க பகுதி’.”

பாலு வியந்துபோனான். “அண்ணே, நீங்க இந்தத் தொழிலுக்கு வந்துட்டா நான் டீக்கடைதான் வைக்கணும்.”

பாராட்டு கமலக்கண்ணனைத் தூக்கிவிட்டது. “‘ராசியான வீடு’ன்றத முதல் வரியில போடு. ‘ஓனர் வெளியூரில் செட்டில்’.”

“நான் எந்த ஊர்ல செட்டில் ஆனேன்?” என்றாள் கலைமகள்.

“ஒரு பேச்சுக்கு அண்ணி.”

“இதப் பாருங்க தம்பி. உங்க அண்ணன் இந்த வீட்லதான் போனாரு. அதச் சொல்லிடணும். நாளைக்கு நாலு பேரு சொல்லித் தெரிஞ்சா ஏமாத்திட்டோம்னு வந்து நிப்பாங்க.”

பாலுவின் விரல் போன் மேலேயே நின்றது. கமலக்கண்ணன் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். சாவு நடக்காத வீடுதான் வேண்டுமென்றால் இன்னும் பூச்சு முடியாத வீட்டைத்தான் வாங்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். ஜெயவேல் அங்கே செத்தது ஒரு குறையே இல்லை. அவன் செத்த பிறகும் இவள் அங்கே உயிரோடு நடமாடுகிறாளே, அதுதான் வீட்டுக்குக் குறை. பின்ரூம் ஒழுகலை மறைத்ததுபோல அவளையும் மறைத்தாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆக, இன்றைக்கு வீடியோ. வீட்டுக்காரியாக நடிக்க கமலக்கண்ணனின் மனைவி ஆதிலட்சுமி வந்திருந்தாள். தலை கொள்ளாத மல்லிகை, வகிட்டில் குங்குமம், மாம்பழ நிறப் பட்டு. அந்தப் பட்டையும் கலைமகள்தான் நெய்து கொடுத்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா,” என்று காதோடு சொன்னாள் ஆதிலட்சுமி. “எனக்கே ஒரு மாதிரி கீது.”

“பரவால்ல போ. முந்தானைய நல்லா விரிச்சிப் போடு, ஜரிகை தெரியட்டும்.”

கலைமகள் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். பாலு தெருவில் நின்று போனைத் தூக்கினான். “அக்கா, சிரிச்சிகினே கதவத் தொறந்து ‘வாங்க வாங்க’ன்னு சொல்லுங்க. ரெடி.”

ஆதிலட்சுமி சிரித்தாள். கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு முறை தள்ளினாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுத் தள்ளினாள். மல்லிகை சரிந்து தோளுக்கு வந்தது.

“தூக்கித் தள்ளு!” என்று பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. “கைப்பிடியத் தூக்கி, தோள்ல தள்ளு!”

கதவு திறந்தது. ஆதிலட்சுமி உள்ளே போன வேகத்தில் பாதிக் கூடத்தைத் தாண்டிவிட்டாள். “வாங்க வாங்க,” என்றாள் மூச்சு வாங்க. விளக்குப் போட ஸ்விட்சைத் தட்டினாள். மின்விசிறி சுற்றியது. “மூணாவது!” என்றது குரல். சமையலறைக் குழாயைத் திறந்து, கமலக்கண்ணன் சொல்லிக்கொடுத்தபடி, “தண்ணி பாருங்க, எளநி மாதிரி,” என்றாள்.

“உப்பு!” என்றது குரல்.

வேண்டுமென்றே சொன்னாளா, பழக்கத்தில் வந்ததா என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கமலக்கண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த இடத்தையெல்லாம் வெட்டிவிடுவதாகப் பாலு சத்தியம் செய்தான். ஆனால் அன்று அவனுக்கு ஒரு வளைகாப்பு இருந்தது. வெட்டி ஒட்டப் பொறுமை இல்லை. மேலே நாதஸ்வரம் சேர்த்துப் போட்டுவிட்டான். நாதஸ்வரம் மூச்செடுக்கிற இடத்திலெல்லாம் ‘தூக்கித் தள்ளு’ம் ‘உப்பு’ம் பளிச்சென்று கேட்டன.

வீட்டை வாங்குகிற எண்ணமே இல்லாதவர்கள்கூட அந்த வீடியோவைப் பார்த்தார்கள். கீழே எழுதினார்கள். ‘உள்ளே இருந்து பேசுற அம்மா யாரு?’ ‘அந்தம்மாவ காட்டுங்க, அவங்கதான் உண்மைய சொல்றாங்க.’ ‘வீடு வேணாம், கதவு மட்டும் விலைக்குக் கிடைக்குமா?’ கமலக்கண்ணன் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். அவன் அழிப்பதைவிட அவர்கள் எழுதுவது வேகமாக இருந்தது.

ஆனாலும் தேசூரிலிருந்து நிஜமாகவே ஒருவர் போன் செய்தார். துரைக்கண்ணு என்று பேர், நிலம் நீச்சு உள்ளவர். மகனுக்கு ஆரணியில் வேலை, பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் ஊருக்குள் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில் மனைவியோடு வருவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கதவை முன்கூட்டியே திறந்து அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்து வைத்தார்கள். கலைமகளைச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னான் கமலக்கண்ணன். “இந்த வாட்டி குரலும் வேணாம் அண்ணி. கையெடுத்துக் கும்புடறேன்.”

அவள் போனாள். சந்தவாசல் சாலையில் இருக்கிற அந்த நீளக் கூடத்தை நினைத்துக்கொண்டு போனாள். உள்ளே இருட்டில், தன் சோற்றுப் பானைக்கும் தன் அரிசி டப்பாவுக்கும் நடுவில், திருட வந்தவளைப்போல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவமானமாக இருந்தது. தன் மேலேயே கோபம் வந்தது.

துரைக்கண்ணு நடுவயதைத் தாண்டியவர், எதற்கும் செருமிவிட்டுப் பேசுகிறவர். அவர் பேச வேண்டியதை எல்லாம் மனைவி தனக்கோடி பேசினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள், ஜன்னலை ஆட்டிப் பார்த்தாள், “உப்புத் தண்ணியா? எங்க ஊர்ல மட்டும் இன்னா, பன்னீரா வருது?” என்று தள்ளுபடி செய்தாள். தறியருகே வந்ததும் நின்றுவிட்டாள்.

அரக்குப் பட்டு பாதி முடிந்து சுருட்டுக் கட்டையில் ஏறியிருந்தது. கரையில் அன்னம், உடலில் சின்னச் சின்ன மாங்காய்ப் புட்டா. தனக்கோடி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மெல்லத் தடவினாள். தடவிய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“யாருடி யம்மா நெய்தது? அந்தக் கையில மகாலட்சுமி குடியிருக்கணும்!”

“எல்லாம் நம்ம வீட்ல நெய்யறதுதாங்க,” என்றான் கமலக்கண்ணன்.

“நீதானாம்மா?” என்று ஆதிலட்சுமியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள் தனக்கோடி. ஆதிலட்சுமி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சமையலறைக் கதவு திறந்தது. வீடு தன்னுடையது இல்லை என்றபோது கலைமகள் பொறுத்துக்கொண்டாள். வெளியூரில் குடியேற்றியபோதும் பொறுத்துக்கொண்டாள். அந்தப் புடவையின் ஒவ்வொரு இழையும் அவள் முதுகு நோவில் ஓடியது. அதைப் பிடுங்கி இன்னொருத்தி மடியில் போட்டது பொறுக்கவில்லை.

“நான்தாங்க நெய்தது,” என்றாள். “வீடும் என்னுதுதான். இவ என் ஓரகத்தி. பாவம், சும்மா நிக்க வந்தவ.”

தனக்கோடியின் கண்கள் அவள் நெற்றிக்குப் போயின. அங்கிருந்து கழுத்துக்கு இறங்கின. பிறகு வேறு எங்கேயோ பார்த்தன.

“எத்தினி நாளாச்சு?”

“ரெண்டு வருசம். அதோ அந்த ரூம்லதான். தூக்கத்துலயே போயிட்டாரு.”

துரைக்கண்ணு செருமினார். “நாங்க வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோங்க.” பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் வீடு பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு பொருள்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

தனக்கோடி வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“யம்மா, அந்தப் பொடவ எப்ப முடியும்? முடிஞ்சா ஒரு போன் போடேன். பேத்தி கல்யாணத்துக்கு இதையே எடுத்துடலாம்னு பாக்கறேன்.”

கலைமகளுக்கு முதலில் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம் வந்தது. “ஏங்க, கதவு தொறக்கற கை ஆவாது. முகூர்த்தப் பொடவ நெய்யற கை ஆவுமா?”

“அது வேற, இது வேறம்மா,” என்றாள் தனக்கோடி. அவள் குரலில் கள்ளமே இல்லை. “வீடுன்னா தலைமொறைக்கும் இருக்கறது. பொடவைக்கெல்லாம் எவ நெய்தா, தாலியோட நெய்தாளா இல்லாம நெய்தாளான்னு பாத்துகினு இருந்தா, ஆரணியில ஒரு துணி எடுக்க முடியுமா?”

“கடைப் பொடவைங்க அது. எந்த ஊரு கல்யாணத்துக்குப் போவுதுன்னு எனக்கே தெரியாது. உங்க பேத்திக்கே வந்தாலும் வரும். விசாரிக்காதீங்க.”

அவர்கள் போனதும் கமலக்கண்ணன் குழவியைக் காலால் ஒரு எத்து எத்தினான். வலித்தது குழவிக்கு அல்ல. நொண்டிக்கொண்டே கத்தினான். “முடிய வேண்டிய வியாபாரம்! கெடுத்துட்டீங்களே அண்ணி! ஆவணியும் முடியப் போவுது. இனிமே இந்த வீட்ட எவன் வாங்குவான்? பேசாம மூட்டையக் கட்டிகினு மாடி ரூமுக்கு வந்து சேருங்க. பேஜாரு!” ஆதிலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

கலைமகள் தறியில் உட்கார்ந்து அழுதாள். அழும்போதுகூட முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள், பட்டில் சொட்டு விழுந்தால் கறை நிற்கும் என்று. அப்படித் திருப்பிக்கொண்டது அவளுக்கே உறைத்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. ஆரணிப் பட்டு கட்டிக்கொண்டு மணையில் உட்காருகிறவள் எவளுக்கும் எந்தத் தீங்கும் வந்துவிடக் கூடாது என்று கண்ணீரைக்கூடத் தள்ளிச் சிந்துகிறாள் இவள். இவள் கைபட்டுத் திறந்த கதவால் வீடு விளங்காதாம்.

பாலுவைக் கூப்பிட்டாள். “இன்னொரு வீடியோ எடுக்கணும். ஜல்தியா வா.”

“அண்ணன் திட்டுவாரு அக்கா.”

“உங்க அண்ணன் அவரு வீட்ட விக்கும்போது அவரக் கேட்டு எடு.”

பாலு வந்தான். கலைமகள் எப்போதும் கட்டுகிற நூல் புடவையோடு தெருவில் நின்றாள். கதவைத் தூக்கி, தோளால் தள்ளித் திறந்து, போனைப் பார்த்துப் பேசினாள்.

“வணக்கங்க. என் பேரு கலைமகள். போன வீடியோவுல உள்ள இருந்து கத்தனது நான்தான். இந்த வீடு என்னுது. கதவு மழையில ஊறி எறங்கிடுச்சு, இப்டித் தூக்கித் தள்ளுனா தொறக்கும். தச்சரு வந்து பாத்துட்டாரு, கதவு அவரு பேச்சக் கேக்கல. தண்ணி உப்பு. பின்ரூமு ஐப்பசியில ஒழுகும், ஒரு குண்டான் வெச்சா போதும். பக்கத்துல பவர்லூமு, ஞாயித்துக்கெழம மட்டும் நல்லாத் தூங்கலாம். இது தறிக்குழி. வேணும்னா நெய்யலாம், வேணாம்னா மூடிக்கலாம். என் வீட்டுக்காரரு ஜெயவேலு இந்த ரூம்லதான் செத்துப் போனாரு. அதுக்கு முன்னாடி ரொம்ப வருசம் இதே ரூம்ல பாட்டுக் கேட்டுகினு, என்னக் கிண்டல் பண்ணிகினு இருந்தாரு. அதையும் கணக்குல சேத்துக்கங்க. நான் விதவ. வீடு பாக்க வந்தா நான்தான் கதவத் தொறப்பேன், நான்தான் குடிக்கத் தண்ணி குடுப்பேன், அது கேன் தண்ணி, பயப்படாதீங்க. வெலையும் என்கிட்டதான் பேசணும். சகுனம் பாக்கறவங்க பெட்ரோல் செலவு பண்ணிகினு வராதீங்க. அப்டி பாக்கறவங்க உங்க கல்யாணப் பட்ட எவ நெய்தாள்னும் ஒரு வாட்டி விசாரிச்சிக்கங்க.”

பாலு போனை இறக்கினான். “நாதஸ்வரம் போடட்டுமா அக்கா?”

“ஒண்ணியும் போடாத.”

வீடியோ போன மறுநாளே கமலக்கண்ணன் ஓடிவந்தான். உள்ளே வந்ததும், தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று, திறந்து கிடந்த கதவை அழுத்திச் சாத்திக்கொண்டான். போனை அவள் முன் நீட்டினான். “மானம் போச்சு! ‘விதவ’ன்னு நீங்களே உங்க வாயால சொல்லிகினு, வீட்டு விளம்பரத்துல! எவனாவது சொல்வானா? ஒழுகறது, உப்பு, சாவு... இந்த லட்சணத்தக் கேட்டுட்டு எவன் வருவான்? ஒரு ஆளக் காட்டுங்க பாக்கலாம்!”

கலைமகள் தறியை விட்டு எழவில்லை. அரக்குப் புடவையில் முந்தானை தொடங்கியிருந்தது. ஆவணி முடிய இன்னும் சில நாள் இருந்தது. யாரும் வராமலும் போகலாம், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாடி அறையின் உடைந்த கிரைண்டர் ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

கமலக்கண்ணன் திறக்கப் போனான். இழுத்தான். அவன் அண்ணன் வீட்டுக் கதவுதான், பல வருடமாக வந்துபோகிற வீடுதான். ஆனாலும் எப்போதும் யாரோ ஒருத்தி உள்ளிருந்து திறந்துவிட்டே பழகியவன். கதவு அசையவில்லை.

“அக்கா, எழுந்திரிக்காதீங்க!” என்று வெளியிலிருந்து ஒரு இளம் பெண்ணின் குரல் கேட்டது. “வீடியோ பாத்துட்டுதான் வர்றோம். தூக்கித் தள்ளணும், அவ்ளோதான?”

கைப்பிடி மேலே எழுந்தது. ஒரே தள்ளல். கமலக்கண்ணன் துள்ளிப் பின்வாங்கினான். வாசலில் ஒரு பெண்ணும், அவள் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒரு ஆணும் நின்றார்கள். அவள் பட்டுப் புடவை கட்டியிருந்தாளா, பொட்டு வைத்திருந்தாளா என்றெல்லாம் கலைமகள் பார்க்கவில்லை. அவள் பார்வை ஒழுகுகிற பின்ரூமின் பக்கம் போவதைத்தான் பார்த்தாள். வாங்க வந்தவள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கலைமகள் நாடாவை வைத்துவிட்டு, குழியிலிருந்து காலை எடுத்து எழுந்து நின்றாள்.

“தம்பி, நீங்க கொஞ்சம் பின்னாடி போயி இருங்க,” என்றாள். “வீடு பாக்க வந்திருக்காங்க.”